லூர்து அக்கா கடையின் நீல நாற்காலி

கஸ்தூரியின் அழைப்பு வந்தபோது நான் ஒரு மாணவரின் ஆய்வேட்டில் மூன்றாம் இயலைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் என் பழைய மாணவி. எண்ணூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறாள்; பள்ளி நேரத்தில் அழைக்கிறவள் அல்ல. "சார், லூர்து அக்கா பூட்டாங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. நான், "எப்பொழுது நிகழ்ந்தது?" என்று கேட்டேன். "காலைல சார். டீ போட எழுந்தவங்க அப்டியே குந்திட்டாங்களாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். சாவுச் செய்தி சொல்லி அழுகிறவளிடம் 'எப்பொழுது நிகழ்ந்தது' என்று கேட்கிற ஆள் நான். அக்கா இருந்து கேட்டிருந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்திருப்பார்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது ராயபுரம் கல்மண்டபத்தில் இருக்கும் அவர் கடையில், தட்டச்சு மேசைக்கு எதிரே போட்ட நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வியர்த்திருப்பீர்கள். உட்காராதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப்பெயர் லூர்துமேரி. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அக்கா தமிழ்த் தட்டச்சு, தமிழ்ச் சுருக்கெழுத்து இரண்டிலும் உயர்நிலைத் தேர்வு எழுதித் தேறிவிட்டு அரசு வேலைக்குக் காத்திருந்தார். வேலை வரவில்லை. ஒரு தட்டச்சுப் பொறியை வைத்துக் கடை போட்டார். பின்னால் பொறி போய்க் கணினி வந்தது, பக்கத்தில் பைண்டிங் மேசை வந்தது. கணினித் திரையின் மூலையில் ஒரு ஜெபமாலை தொங்கும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி தெருமுனையைக் கடந்தால் மேசை முழுவதும் ஆடும். அக்கா இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து தூக்கி, லாரி போகும்வரை காத்திருந்து, விட்ட எழுத்திலிருந்து தொடர்வார்.

அவர் கல்லூரிக்குப் போனதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் தமிழ்வழியில் முதுகலை படித்தவர்களின் ஆய்வேடுகளில் பெரும்பகுதி அவர் விரல் வழியாகத்தான் வெளியே போயிற்று. நாங்கள் பேராசிரியர்கள் ஆய்வேட்டைப் புரட்டுவோம். அக்கா ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். எந்தப் பத்தி எந்த வருடத்து ஆய்வேட்டிலிருந்து எழுந்து நடந்து வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். 'இவ்வாய்வின்கண்' என்று ஒரு பக்கம் தொடங்கினால், "வந்துட்டாருப்பா மாமா" என்று பழைய சொந்தக்காரரை வரவேற்பதுபோல் வரவேற்பார்.

அக்கா கடையில் ஒரு வழக்கம் இருந்தது. கையெழுத்துப் பிரதியை நீட்டினால் வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். "மொதல்ல சொல்லு. அப்பறம் அடிக்கிறேன்."

"இன்னாத்தக்கா சொல்றது?"

"இதுல இன்னா எழுதிக்கினு வந்துக்கீறியோ அத்த. உங்க வூட்டாண்ட சொல்ற மாரி சொல்லு."

சொல்லச் சொல்ல, கோடு போட்ட நோட்டில் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொள்வார். எதற்கு இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன். "கை மறந்துடும் தம்பி. வேலதான் வரல, எழுத்தாச்சும் இருக்கட்டும்" என்றார். பிறகுதான் பிரதியை நிமிர்த்திப் படிப்பார். வாயில் வந்து தாளில் வராததைக் காட்டி, "இத்த ஏன் வுட்டுட்ட?" என்பார். தாளில் இருந்து வாயில் வராததைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, "இது யாரோடது?" என்பார். பதில் இல்லையென்றால் பிரதி திரும்பிப் போகும். அவராக ஒரு வரியும் எழுதித் தந்ததில்லை. கேள்வி மட்டும்தான்.

அக்கா செந்தமிழுக்கு எதிரி என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அது அபாண்டம். பேச்சு வழக்கிலேயே ஆய்வேடு எழுதி வந்த ஒரு மாணவனை அவர் விரட்டியதை நான் நேரில் பார்த்தேன். 'போயி பாத்தேன், ரொம்ப கஷ்டமாயிடுச்சி' என்று அவன் எழுதியிருந்தான். "இது லெட்டராப்பா? கோயிலுக்குப் போசொல்ல சட்டைய இஸ்திரி போட்டுக்கினு போறல்ல, அந்த மாரி. நல்லா மடிப்பு வெச்சே போட்டுக்கோ. ஆனா சட்டைக்குள்ள ஆளு இருக்கணும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவரிடம் கேட்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. 'எனலாம்' என்று முடியும் வாக்கியங்களைக் கண்டால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. "எனலாம்னா இன்னா? சொல்லிட்டு கதவாண்ட ஓடிப்போயி நின்னுக்கினியா?"

சுவரில் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும்: 'இங்கு வெள்ளிடைமலை அடிக்கப்படாது.' ஒரே மாதத்தில் பதினோரு ஆய்வேடுகளில் ஏதாவது ஒன்று 'வெள்ளிடைமலை' ஆகியிருந்ததாம். பொருள் கேட்டதற்கு, 'கண்கூடு' என்று சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை. "எந்த ஊருல கீது இந்த மலை? யாராச்சும் ஏறிப் பாத்துக்கீறீங்களா?" என்று கேட்டுவிட்டு அட்டையை ஒட்டினார். என் மாணவர்கள் ஆறு பேர் அந்தப் பதினோரு பேரில் அடக்கம். அவர்களுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தவன் நான்.

நன்றியுரை அடிக்கும்போதுதான் அவர் முழுக் கும்மாளத்தில் இருப்பார். மாணவர்கள் பழைய ஆய்வேட்டின் நன்றியுரையை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவார்கள். எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் 'என் ஆய்வுப் பணிக்கு உறுதுணையாக நின்ற துணைவியாருக்கும், என் அன்புச் செல்வங்கள் இருவருக்கும்' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டான். அக்கா முகத்தை மாற்றாமல், "எப்போ கண்ணாலம் ஆச்சு தம்பி? சொல்லவே இல்ல. பெரியவன் இஸ்கூலு போறானா?" என்று விசாரித்தார். பைண்டிங் மேசையில் இருந்தவர் பசைக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டார். சிரித்து ஓய்ந்த பிறகு அக்கா அந்தப் பையனிடம், யார் உனக்குச் சோறு கட்டிக் கொடுத்தது என்று கேட்டார். அண்ணி என்றான். "அப்போ அண்ணிக்கு நன்றி சொல்லு. செந்தமிழ்லயே சொல்லு. அத்த நான் தடிச்ச எழுத்துல போட்டுத் தரேன்." அந்த ஆய்வேடு எங்கள் நூலகத்தில் இருக்கிறது. நன்றியுரையில் அண்ணியின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்.

இனி என் கதை. நான் மூலக்கொத்தளத்தில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்காணலில், கேட்ட கேள்வி புரியாமல் "இன்னா சார்?" என்று கேட்டுவிட்டேன். குழுவில் ஒருவர் சிரித்தார். "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார், கேள்விக்காக அல்ல, அந்த 'இன்னா'வுக்காக. நானும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். அதற்குப் பிறகு நான் பேசுவது நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தத் தமிழ்தான். கறிக்கடையிலும் இதே தமிழ்தான். கடைக்காரர் என்னை இலங்கைக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

என் முனைவர் பட்ட ஆய்வேடு, துறைமுகச் சுமைதூக்கும் தொழிலாளர் பற்றியது. கல்மண்டபம் கடையில் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். நீல நாற்காலி அப்போது மர நாற்காலி. 'தொழிலாளரிடையே நிலவிய கூட்டு ஒத்திசைவு' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். அக்கா பென்சிலை எடுத்தார். "ஒத்திசைவு இன்னா தம்பி?" நான் அகராதியைப் போல் ஏதோ சொன்னேன். "அது இல்ல. உங்க வூட்டாண்ட சொல்ற மாரி." எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு என்னவோ, சொல்லத் தொடங்கிவிட்டேன். நிறையச் சொன்னேன். அக்காவின் கை ஓடிக்கொண்டே இருந்தது. முடித்ததும், "இதுல ஒரே ஒரு வரிய போடு தம்பி, இஸ்திரி போட்டே போடு" என்றார். முடியாது, அது ஆய்வாகாது என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. 'ஒத்திசைவு' மட்டும் அச்சேறியது. தேர்வாளர் அந்தச் சொல்லைப் பாராட்டினார்.

நான் பேராசிரியனானேன், துறைத்தலைவனானேன். ஆறேழு வருடங்களுக்கு முன் கஸ்தூரி என்னிடம் முதுகலை ஆய்வேடு செய்ய வந்தாள். நெட்டுக்குப்பத்துப் பெண். அவள் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவர்கள், அதுதான் தலைப்பு. துறைத்தலைவர் வேலையில் முங்கியிருந்த நான், அவள் கொண்டுவந்த வரைவுகளை ஒழுங்காகப் பார்க்கவில்லை. கடைசி வாரம் பைண்டிங் முடிந்து ஆய்வேடு மேசைக்கு வந்தது. இது இவருடைய சொந்த ஆய்வு என்று மேற்பார்வையாளர் சான்றிதழில் நான் கையெழுத்திட வேண்டும். ஒரு பக்கத்தைத் திறந்தேன். 'நீரின் வெப்பத்தையும் சேற்றின் தன்மையையும் கைகளால் உணர்ந்தே அன்றைய வாய்ப்பை இப்பெண்கள் தீர்மானிக்கின்றனர். கருவிகள் ஏதுமற்ற இத்தொழிலில் உடலே கருவியாகிறது' என்று இருந்தது. நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். "இதை யார் எழுதியது?" என்றேன்.

"நான்தான் சார் எழுதினேன். ஏன் சார், இன்னா தப்பு?"

அந்த 'இன்னா' என் காதில் விழுந்தது. இந்த வாய்க்கு இந்த நடை வராது என்று முடிவு செய்தேன். நான்தான் முடிவு செய்தேன், மூலக்கொத்தளத்துக்காரன். 'நடை ஐயத்திற்குரியது' என்று ஒரு தாளில் எழுதி ஆய்வேட்டின்மேல் வைத்துவிட்டு, கையெழுத்திட மறுத்தேன். கல்மண்டபம் கடையில் எழுதித் தருகிறார்களா என்றும் கேட்டேன். சமர்ப்பிக்க இரண்டே நாள் இருந்தது. தவறினால் ஒரு வருடம் போய்விடும். தேறுவாள் என்று நம்பி அவளுக்கு வேலை வைத்திருந்த பள்ளியும் போய்விடும். அவள் அழவில்லை. ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை லூர்து அக்கா எங்கள் துறைக்கு வந்தார். கடை நேரத்தில் கடையை விட்டு வெளியே வராதவர். மூச்சு வாங்க இரண்டு மாடி ஏறி வந்து, கையில் மஞ்சள் துணிப்பையோடு என் எதிரே உட்கார்ந்தார். கஸ்தூரி கதவருகே நின்றாள்.

"வணக்கம் அக்கா. தாங்கள் இவ்வளவு தூரம்..." என்று தொடங்கினேன்.

"இரு தம்பி, நீ இப்போ பேசாத" என்று பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். கஸ்தூரி நீல நாற்காலியில் உட்கார்ந்து முதல் நாள் சொன்னதைப் படித்தார். "எங்கம்மா சேத்துல கைய வெச்சாலே அதுக்குத் தெரிஞ்சிடும்க்கா. தண்ணி சுட்டுதுன்னா இன்னிக்கு இல்ல, வூட்டுக்கு வான்னுடும். சேறு வழவழன்னு இருந்தா கீதுன்னு சொல்லும். வலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்கு ஒடம்புதான் வலை." நாலு நாள் கழித்து அவள் சொன்னதைப் படித்தார், கொஞ்சம் மாறியிருந்தது. பத்து நாள் கழித்துச் சொன்னதைப் படித்தார். "ஒடம்பே வலைன்னு எழுதினா படிக்கிறவங்க கொயம்பிடுவாங்கக்கா. கருவின்னு போடறேன். அது சரியாக் கீதா?"

நியாயமான மனிதனாக இருந்தால் அங்கேயே பேனாவைத் திறந்திருப்பேன். எனக்கு ரோஷம். "சுருக்கெழுத்தை இங்கே தங்களைத் தவிர யாரும் படிக்க இயலாது. இதில் இன்னதுதான் இருக்கிறது என்று நான் எவ்வாறு ஏற்பது?" என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. பையில் கை விட்டு இன்னொரு நோட்டை எடுத்தார். அட்டை பழுத்து ஓரம் உதிர்ந்த நோட்டு. ஒரு பக்கத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்தார். ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தார்.

"எங்க நைனா மூட்ட தூக்கசொல்ல நாலு பேரும் ஒண்ணா மூச்ச வுடுவாங்கக்கா. ஒருத்தன் முன்னாடி வுட்டுட்டான்னா இன்னொருத்தன் இடுப்பு பூடும். நைனாவுக்கு ஒருநாளு அப்டித்தான் பூட்ச்சி. அதுலேந்து அவரு படுத்துகினு இருக்கசொல்ல நான் பக்கத்துல குந்திகினு அவரு மூச்சையே பாத்துகினு இருப்பேன். அவரு வுடசொல்ல நானும் வுடுவேன். நான் சரியா வுட்டேன்னா அவருக்கு வலிக்காதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உலகத்தில் ஒரே ஒருவரிடம், ஒரே ஒரு முறை சொன்னது. அக்கா நோட்டை மூடினார். "இத்தயும் நான்தான் எழுதினேனா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் கையெழுத்துப் போட்டேன். ஆய்வேட்டின் மூன்று பிரதிகளிலும் போட்டேன். கஸ்தூரியிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது வந்தது, 'வருந்துகிறேன்' என்ற சொல். அவள், "பரவால்ல சார்" என்றாள். அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "டீ கீ வாங்கித் தரமாட்டியா? ரெண்டு மாடி ஏறி வந்துக்கீறேன்" என்றார். மூன்று பேரும் கேன்டீனுக்குப் போனோம். நடந்ததைப் பற்றி அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு மட்டும் அவர் முன்னால் பேச்சு வராமல் போயிற்று. நன்றி சொல்ல வேண்டும் என்று பலமுறை கல்மண்டபத்துக்குப் போனேன். நாற்காலியில் உட்காருவேன். "சொல்லு தம்பி" என்பார். மேற்கோள் குறியைப் பற்றி ஏதாவது கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

காசிமேடு கல்லறையில் அடக்கம் நடந்தது. எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆசிரியர்கள், வங்கியில் இருப்பவர்கள், வழக்குரைஞர்கள், தம் ஆய்வேட்டைக் கையில் கொண்டுவந்த இரண்டு பேர். எல்லாம் முடிந்த பிறகு அக்காவின் தங்கை என்னைத் தனியே கூப்பிட்டு அந்தப் பழுத்த நோட்டைக் கொடுத்தார். "இது உங்களுதாமே. அக்கா சொல்லி வெச்சிருந்திச்சி" என்றார். பஸ் டிக்கெட் அதே பக்கத்தில் இருந்தது. கோடுகளும் கொக்கிகளும் புள்ளிகளுமாக ஒரு பக்கம். எனக்குச் சுருக்கெழுத்து தெரியாது. என் சொந்தப் பேச்சை என்னால் படிக்க முடியவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நோட்டு ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இன்னொன்றும் இருப்பது இதை எழுதும்போதுதான் தெரிந்தது. முதலில் இந்த அஞ்சலியை வேறு மாதிரி எழுதியிருந்தேன். 'அன்னாரின் மறைவு கல்விப்புலத்திற்கு ஈடுசெய்ய இயலாப் பேரிழப்பு என்பது வெள்ளிடைமலை' என்று தொடங்கியது. கேலி செய்வதற்காக எழுதவில்லை, மனதார எழுதினேன். கஸ்தூரிக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நல்லாத்தான் கீது சார்" என்றாள். பிறகு, அக்கா சொல்கிற அதே குரலில், "இப்போ சொல்லுங்க" என்றாள்.

வெகு நேரம் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வைக்கவில்லை. முப்பது வருடமாக வராத என் பழைய பேச்சு வந்தது. நான் சொன்னதை அவளே எழுதிக்கொண்டு, அதை அப்படியே போடுங்கள் சார், இஸ்திரி போடாதீர்கள் என்றாள். போடுகிறேன்.

"அக்கா பூட்டாங்க கஸ்தூரி. எங்க நைனா மூச்சு வுட்டத ஒருத்தராண்டதான் சொன்னேன். அவங்க கைல எய்தி வெச்சிகினு, ஒருத்தராண்டயும் சொல்லாம, எனக்காக வெச்சிகினே இருந்தாங்க. ரொம்ப தேங்க்ஸ்க்கான்னு ஒரு வார்த்த, அந்த நாக்காலில குந்திகினு, என்னால சொல்ல முடில."